திட்டின மறுநாள் டேமேஜ் குறையும், நம்பாதீர்கள்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் எனக்குப் பதினாறு வருஷம் ஆகிறது. செக்கிங் டேபிளில் பீஸ் பார்க்கிற ஆளாக நுழைந்தேன், இப்போது குவாலிட்டி மேனேஜர் என்று கார்டு அடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே எழுதுவது முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் ஒன்றரை வருஷத்தில் நடந்தது. கம்பெனி பேர் வேண்டாம். முதலாளி நல்ல மனிதர், இன்றைக்கும் தீபாவளிக்கு போன் பண்ணுவார்.

ஒரு ஃபெயிலில் ஆரம்பித்தது. புது பையர் (ஆர்டர் கொடுத்துத் துணி வாங்குகிற கம்பெனி), 8,400 டி-ஷர்ட். அதுவரை இருந்த பையர்கள் எங்கள் செக்கிங் ரிப்போர்ட்டையே வாங்கி ஃபைலில் போட்டுக்கொள்வார்கள், இவர்கள் வெளி ஆளை அனுப்பினார்கள். ஏ.க்யூ.எல். 2.5, அதாவது ஒரு லாட் சரக்கில் எவ்வளவு டேமேஜ் வரை ஏற்கலாம் என்கிற அளவுகோல், திருப்பூர் டீக்கடையில்கூடக் காதில் விழுகிற வார்த்தை. 3,201-லிருந்து 10,000 பீஸ் வரைக்கும் உள்ள லாட் என்றால் பொதுவாக 200 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள், மேஜர், அதாவது பெரிய டேமேஜ் பத்து வரை பாஸ், பதினொன்று என்றால் ஃபெயில். வந்த இன்ஸ்பெக்டர் அம்மா பெட்டிகளைத் தானே தேர்ந்தெடுத்து 200 எடுத்தார், பதினான்கு எழுதினார். நான் பக்கத்தில் நின்று "மேடம், இது மைனர்தானே" என்று ஒவ்வொன்றுக்கும் வாதாடினேன். மூன்றில் ஜெயித்தேன். அப்போதும் பதினொன்று.

எல்லா பெட்டியையும் பிரித்து, எல்லா பீஸையும் மறுபடி பார்த்து, திரும்ப அயர்ன் போட்டு, கப்பல் போய்விட்டதால் விமானத்தில் அனுப்பினோம். அந்த ஆர்டரில் லாபம் என்று ஒன்று இருந்திருந்தால் அது அந்த விமானத்தில் ஏறிப் போய்விட்டது.

மறுநாள் காலையில் மீட்டிங். முதலாளி கேட்ட முதல் கேள்வி, "யாருங்க அந்தப் பீஸையெல்லாம் பார்த்து விட்டது?" எங்கே இப்படிக் கேட்டாலும் பதில் ஒன்றுதான் வரும், செக்கிங். உடனே கான்ட்ராக்டரிடம் சொல்லிப் பன்னிரண்டு செக்கர்களைக் கூடுதலாக இறக்கினார்கள். அது சரியான முடிவு என்று நானும் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன், ஏனென்றால் என் கையில் இருந்த ரிப்போர்ட்டிலேயே விடை இருந்தது. பதினான்கில் ஆறு அளவு கோளாறு, ஐந்து ஓட்டை, மூன்றுதான் மற்றவை. அளவை செக்கர்கள் எடுப்பதே இல்லை. ஓட்டையைப் பற்றிக் கீழே சொல்கிறேன், அதை அவர்களால் பார்த்திருக்கவே முடியாது. ஆக, பன்னிரண்டு பேரையும் அந்த மூன்று பீஸுக்காகக் கூட்டி வந்திருக்கிறோம்.

கண் எவ்வளவு பிடிக்கும் என்று பார்க்க ஒரு சோதனை செய்தேன். 25 டேமேஜ் பீஸை உள்லேபிளில் சின்னதாக அடையாளம் போட்டு நல்ல பீஸ்களோடு கலந்து நான்கு பேரிடம் மாற்றி மாற்றிக் கொடுத்தேன். அதிகம் பிடித்தவர் 21, குறைவாகப் பிடித்தவர் 15. அந்த 21 பிடித்த அக்காவிடமே இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அதே கட்டைக் கொடுத்தபோது 16. அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை, காலையிலிருந்து நூற்றுக்கணக்கில் பீஸைப் புரட்டுகிற கண் அது. கூடவே இன்னொரு விஷயமும் தெரிந்தது. எண்ணெய்க் கறை எவ்வளவு பெரிதாக இருந்தால் டேமேஜ், மிளகு அளவா, கடுகு அளவா, நெஞ்சுப் பக்கத்துக்கும் அக்குள் பக்கத்துக்கும் ஒரே சட்டமா என்று கேட்டதற்கு நான்கு பேரும் நான்கு பதில் சொன்னார்கள். நான் ஐந்தாவது பதில் வைத்திருந்தேன்.

அதனால் முதல் பதினைந்து நாள் குறைப்பது என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஒரு பிளைவுட் பலகையில் நிஜமான டேமேஜ் பீஸ்களை வெட்டி ஒட்டினோம், இது மேஜர், இது மைனர், இது ஓகே என்று. பையர் பக்கத்தில் ஆர்டரைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சன்டைசரை வரவழைத்து ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்து வாங்கினோம். போட்டோ போட்டால் போதாதா என்றார் ஒருவர். போட்டோவில் தையல் தளர்ந்திருப்பது தெரியாதுங்க, தொட்டுப் பார்க்கணும்.

அப்புறம் அளவு. அளவெடுப்பதில் என்ன இருக்கிறது, டேப்பை வைத்தால் நம்பர் என்றுதான் நினைத்திருந்தேன். பத்து பீஸுக்கு நம்பர் போட்டு, மூன்று பேரை, ஆளுக்கு இரண்டு தடவை, முதல் தடவை எழுதியதை மறைத்துவிட்டு, நெஞ்சகலம் எடுக்கச் சொன்னேன். இருக்க வேண்டிய அளவு 52 செ.மீ., கூடவோ குறையவோ 1 செ.மீ. போகலாம். நாலாம் நம்பர் பீஸுக்கு ஒருவர் 51.2 எழுதினார், இன்னொருவர் 52.4. ஒரே பீஸ், ஒரே டேபிள், பத்து நிமிஷ வித்தியாசம். வாகன உதிரிபாகத் தொழிலில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், மொத்த வேறுபாட்டில் அளவெடுப்பதால் வருகிற பங்கு 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 30-ஐத் தாண்டினால் அந்த அளவீட்டை நம்பி எந்த முடிவும் எடுக்கக்கூடாது என்று. எங்களுடையதைக் கணக்குப் போடவே கூச்சமாக இருந்தது.

காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஒருவர் பீஸைப் போட்டுக் கையால் நீவி நீவிச் சமம் செய்கிறார், பனியன் துணி அல்லவா, நீவினால் கொடுக்கும். இன்னொருவர் நீவுவதில்லை. ஒருவர் அக்குள் முனையிலேயே அளக்கிறார், இன்னொருவர் இரண்டு விரல் கீழே தள்ளி. "சார், நீங்க டேப்பை இழுத்துப் புடிக்கறீங்க, நான் இழுக்கறதில்லீங்க" என்று முன்பு செக்கராக இருந்த ஒரு அம்மா என்னிடமே சொன்னார். உண்மைதான். இது போதாதென்று என் பாக்கெட்டில் மூன்று வருஷமாக இருந்த டேப் நீண்டு போயிருந்தது, ஸ்டீல் ஸ்கேலில் 60 செ.மீ. இருக்கிற இடத்தில் அது 59.5 காட்டியது. குவாலிட்டி மேனேஜரின் டேப்!

எல்லா பழைய டேப்பையும் வாங்கிக் குப்பையில் போட்டோம். அக்குளுக்கு 2.5 செ.மீ. கீழே, உதறிப் போட வேண்டும், நீவக்கூடாது, டேப் தொய்யவும் கூடாது இழுபடவும் கூடாது என்று எழுதி டேபிள் மேலேயே ஒட்டினோம். மாதத்துக்கு ஒரு தடவை டேப்பை ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துப் பார்ப்பது என்று வழக்கமாக்கினோம். இதற்கு ஆன செலவு சில நூறு ரூபாய். அளவு கோளாறு என்று நாங்கள் ஒதுக்கிவந்த பீஸ்களில் கணிசமானவை நல்ல பீஸ்கள் என்றும், நல்லது என்று விட்டதில் கோளாறு இருந்தது என்றும் அப்போதுதான் தெரிந்தது.

இதற்குப் பிறகு வந்ததுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது.

அயர்னிங் முடிந்து பேக்கிங்குக்குப் போகிற இடத்தில், இன்ஸ்பெக்டர் எடுப்பது போலவே தினம் 200 பீஸ் எடுத்துப் பார்த்து, எத்தனை சதவீதம் மேஜர் என்று ஒரு போர்டில் எழுதத் தொடங்கினேன். 6, 11, 7.5, 9, 5, 12, 7 என்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. சராசரி 8 பக்கம். போர்டு வைத்தது முதலாளிக்கு ரொம்பப் பிடித்தது, அதுதான் வினையாகப் போனது. 12 என்று எழுதின அன்றைக்கு நேராக லைனுக்குள் இறங்கி சூப்பர்வைசரிலிருந்து கைமடிக்கிற பிள்ளை வரை எல்லாரையும் விளாசினார். மறுநாள் 7. "பார்த்தீங்களா?" என்றார். 5 வந்த அன்றைக்கு எல்லாருக்கும் டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தார். மறுநாள் 9.5. "கொஞ்சம் எடம் குடுத்தாப் போதும், நம்ம ஆளுக இப்படித்தானுங்க" என்றார். இது இரண்டு மாதம் நடந்தது. திட்டினால் குறைகிறது, பாராட்டினால் கூடுகிறது என்று கண்ணால் பார்த்த சாட்சியோடு அவர் நம்பினார். நானும் பாதி நம்பினேன்.

எனக்கு பி.எஸ்ஸி. புள்ளியியல், காலேஜ் விட்டபின் அதைத் தொட்டதில்லை. ஒரு ராத்திரி பழைய நோட்டைத் தேடி எடுத்துக் கணக்குப் போட்டேன். சராசரி 0.08. அதை 0.92-ஆல் பெருக்கி 200-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.019. மூன்று மடங்கு போட்டால் ஏறக்குறைய 0.058. அதாவது இந்த ஃபேக்டரி இப்போது ஓடுகிறபடியே ஓடினால், யாரும் எதையும் மாற்றாவிட்டாலும், தினசரி நம்பர் 2.2 சதவீதத்துக்கும் 13.8 சதவீதத்துக்கும் நடுவில் எங்கே வேண்டுமானாலும் வந்து நிற்கலாம். 12-ம் 5-ம் எங்களுக்கு ஒரே நாள்தான். 12 வந்த மறுநாள் சராசரியை நோக்கி இறங்குவதற்கே வாய்ப்பு அதிகம், முதலாளி திட்டினாலும் சரி, ஊருக்குப் போயிருந்தாலும் சரி. 5 வந்த மறுநாள் ஏறுவதும் அப்படியே, வடை மேல் பழி இல்லை.

இந்த மாதிரி மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் கோடு போட்டுப் பார்ப்பதை 1924 மே மாதத்தில், அமெரிக்காவில் டெலிபோன் கருவிகள் செய்துகொண்டிருந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியில், வால்டர் ஷூவார்ட் என்பவர் ஒரே ஒரு பக்கக் குறிப்பாகத் தன் மேலதிகாரிக்கு எழுதிக் கொடுத்தார். நூறு வருஷப் பழைய சரக்கு. முதலாளியிடம் வர்க்கமூலம் பேசினால் எடுபடாது என்று எனக்குத் தெரியும், ஆகவே தரக் கட்டுப்பாட்டில் பேர்போன அமெரிக்கர் டெமிங் தன் வகுப்புகளில் வெள்ளை மணியும் சிவப்பு மணியும் வைத்துக் காட்டிவந்த வேடிக்கையை எங்கள் ஸ்டோரில் இருந்த பட்டனை வைத்துச் செய்தேன். ஒரு பக்கெட்டில் 2,000 பட்டன், அதில் 160 கறுப்பு, அதாவது 8 சதவீதம். இருநூறு கொள்கிற ஒரு டப்பா. "நீங்களே அள்ளுங்க சார்" என்றேன். கறுப்பு 13 வந்தது. கொட்டிக் கலக்கி மறுபடி, 19. அப்புறம் 16, 22, 11, 17. 22 வந்தபோது, "இப்போ இந்த பக்கெட்டைத் திட்டுங்க சார், அடுத்தது குறையும்" என்றேன். வாய்க்கொழுப்புதான். அவர் நிஜமாகவே பக்கெட்டைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு அள்ளினார், 11. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அப்ப கறுப்பு பட்டனை எப்படிங்க எடுக்கறது?" என்றார். எனக்கு வேண்டியிருந்த கேள்வி அதுதான்.

ஒரு எச்சரிக்கை. நம்பர் கோட்டுக்குள் இருக்கிறது என்றால் எல்லாம் நல்லபடி இருக்கிறது என்று அர்த்தம் ஆகாது. எங்கள் 8 சதவீதம் ரொம்ப ஒழுங்காக, நிலையாக, மோசமாக இருந்தது. யார் அந்த பீஸைத் தைத்தது என்று நோண்டுவதில் பயன் இல்லை, வேலை நடக்கிற விதத்தையே மாற்ற வேண்டும் என்பதுதான் அதிலிருந்து கிடைக்கிற தகவல். கோளாறுகளில் 94 சதவீதம் அமைப்பினுடையது, அதற்கு நிர்வாகம்தான் பொறுப்பு என்று டெமிங் சொல்லிவந்தார். அந்த 94 அவருடைய அனுபவக் கணிப்புதான், எங்கள் ஃபேக்டரியில் அவர் கணிப்பு குறைச்சலோ என்று எனக்குச் சந்தேகம்.

சரி, ஓட்டை. எந்த டேமேஜ் எத்தனை என்று இரண்டு வாரம் டேலி ஷீட்டில் கோடு போட்டு எண்ணியதில் மூன்று விஷயம் மொத்த டேமேஜில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தின்றுகொண்டிருந்தது: ஊசி ஓட்டை, அளவு, எண்ணெய்க் கறை. எல்லாரும் சந்தேகப்பட்ட கழுத்துப் பட்டி நாலாவது இடத்தில்கூட இல்லை. ஊசி ஓட்டை எப்படி வருகிறது என்றால், ஊசி இரண்டு நூலுக்கு நடுவில் நுழையாமல் நூலையே குத்தி அறுத்துவிடும். அறுந்த உடனே தெரியாது. தையலோரம் இழுபடும்போது, முக்கியமாக அயர்னிங்கில் ஆவி பட்டுத் துணி விரியும்போது, கண்ணி பிரிந்து ஓட்டை தெரியும். எங்கள் செக்கிங் டேபிள் அயர்னிங்குக்கு முன்னால் இருந்தது. இல்லாத ஓட்டையைப் பார்க்கவில்லை என்று இத்தனை வருஷமாக அந்த அக்காக்களைத் திட்டியிருக்கிறோம்.

ஊசி ஏன் நூலை அறுக்கிறது? முனை மழுங்கியிருக்கிறது. ஏன் மழுங்கின ஊசி ஓடுகிறது? டெய்லர் மாற்றுவதில்லை. இந்த இடத்தில் பெரும்பாலான கம்பெனிகளில் விசாரணை முடிந்துவிடும், டெய்லருக்கு ஒரு ட்ரெயினிங் கொடு, கையெழுத்து வாங்கு, ஃபைல் பண்ணு. நான் துணி ஓரம் தைக்கிற ஒரு ஓவர்லாக் டெய்லர் அண்ணனிடம் போய், ஏன் மாத்தறதில்லைங்க என்று கேட்டேன். அவர் மெஷினை நிறுத்தாமலே சொன்னார்: "ஊசி உடைஞ்சாத்தான் சார் புது ஊசி."

உடைந்த ஊசிக்கு ஒரு கறாரான சட்டம் உண்டு, இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். துணியில் ஊசித் துண்டு போய்விட்டால் போடுகிறவர் உடம்பில், குழந்தைத் துணி என்றால் குழந்தை உடம்பில், குத்தும். அதனால் உடைந்த துண்டுகள் அத்தனையையும் கண்டுபிடித்து ரிஜிஸ்டரில் ஒட்டினால்தான் புது ஊசி. துண்டு கிடைக்காவிட்டால் அந்தக் கட்டு முழுவதையும் மெட்டல் டிடெக்டரில் விட வேண்டும். நல்ல சட்டம், நியாயமான சட்டம். ஆனால் எங்கள் ஸ்டோரில் ஊசிக்கு என்று இருந்த வழி அது ஒன்றுதான். மழுங்கின ஊசி உடையவில்லையே, அதை எந்தப் பக்கத்தில் ஒட்டுவது? ஸ்டோர்காரர் இருபது நிமிஷம் நிற்க வைத்து விசாரிப்பார், பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு இருபது நிமிஷம் என்பது காசு. பாதுகாப்புக்காகப் போட்ட சட்டம் ஓட்டைக்குத் தாயாகிவிட்டது, அதை எழுதின கையெழுத்தில் ஒன்று என்னுடையது.

மாற்றினது இவ்வளவுதான். தினம் காலை பத்தரைக்கு, டீ நேரத்தில், மெக்கானிக் ஒரு காந்தத் தட்டோடு வருவார். மெஷினுக்கு மெஷின் போய்ப் பழைய ஊசியைக் கழற்றித் தட்டில் வைப்பார், புதுசு போடுவார், கடைசியில் எடுத்தது எத்தனை கொடுத்தது எத்தனை என்று எண்ணிக்கை சரிபார்ப்பார். டெய்லர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. கூடவே மெல்லிய துணிக்குத் தடித்த ஊசி ஓடிக்கொண்டிருந்ததையும், உருண்டை முனை இருக்க வேண்டிய இடத்தில் கூர்முனை ஓடிக்கொண்டிருந்ததையும் மாற்றினோம். ஊசிச் செலவு கூடுகிறது என்று அக்கவுண்ட்ஸில் முனகினார்கள். ஒரு டேமேஜ் பீஸ் விலைக்கு எத்தனை ஊசி வாங்கலாம் என்று கேட்டேன், முனகல் நின்றது.

அளவுக்குப் போவோம். இதில் நான் ஒரு பெரிய தப்பு செய்தேன். ஒரு லாட் நீளம் குறைந்து வந்தது என்று கட்டிங்கில் பேட்டர்னை 1 செ.மீ. கூட்டச் சொன்னேன். அடுத்த லாட் நீளம் கூடி வந்தது. குறைக்கச் சொன்னேன். அதற்கடுத்தது ரொம்பக் குறைந்தது. கட்டிங் மாஸ்டர் இருபத்தைந்து வருஷ அனுபவஸ்தர், மூன்றாவது தடவை கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "சார், நீங்க ஆபீஸுக்குப் போய் டீ குடிங்க, நான் ஒரே அளவுல வெட்டறேன்" என்றார். முதலாளி தினசரி நம்பரைத் துரத்தினார் என்று சிரித்தேனே, நான் செய்ததும் அதையேதான், ஆளைத் திட்டுவதற்குப் பதில் பேட்டர்னைத் திட்டியிருக்கிறேன். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிற ஒன்றை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எதிர்ப்பக்கம் தள்ளினால் ஆட்டம் கூடும், ஊஞ்சல் தள்ளியவர்களுக்குத் தெரியும்.

நிஜக் காரணம் மாஸ்டருக்குத் தெரிந்தே இருந்தது, யாரும் கேட்கவில்லை. காம்பாக்டிங், அதாவது பின்னால் சுருங்காமல் இருக்கத் துணியை முன்பே நெருக்குகிற வேலை, முடிந்து ரோலாகச் சுற்றி வருகிற துணி இழுவையில் இருக்கும். அதைப் பிரித்துப் போட்டு ஒரு நாள், இருபத்துநாலு மணி நேரம், ஆறவிட்டு அப்புறம் வெட்ட வேண்டும். எங்களிடம் ராத்திரி லாரியில் வந்த ரோல் காலையில் கத்திக்குக் கீழே இருக்கும், வெட்டின பிறகு சுருங்கும். சில ரோல் இரண்டு நாள் மூலையில் கிடந்துவிட்டு வரும், அது சுருங்காது. வேறுபாடு அங்கே பிறக்கிறது. ஏன் ஆறவிடுவதில்லை என்றால் இடம் இல்லை. ஏன் இடம் இல்லை என்றால் போன சீசனில் மிச்சமான துணி, செத்த ஆர்டர் பீஸ்கள், உடைந்த டேபிள், பழைய கம்ப்யூட்டர் எல்லாம் அந்த ஹாலில். மூன்று ஞாயிற்றுக்கிழமை செலவழித்துக் காலி செய்து, குழாய்க் கம்பியில் ரேக் அடித்து, ஒவ்வொரு ரோலிலும் பிரித்த நேரத்தை எழுதின சீட்டு குத்தினோம். வெட்டுவதற்கு அடுக்குகிற துணியின் (லே) உயரத்தையும் குறைத்தோம், அடுக்கு உயர்ந்தால் அடித்துணி அமுங்கி மேல்துணிக்கும் அதற்கும் அளவு மாறிவிடும். கட்டிங் வேகம் குறைந்தது உண்மை. அந்தச் சண்டை தனிக்கதை.

எண்ணெய்க் கறைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, இரண்டு மெஷினில் சீல் போயிருந்தது, சனிக்கிழமை சாயங்காலம் துடைக்கிற வேலையைத் திங்கட்கிழமை காலைக்கு மாற்றினோம், ஓடாமல் நிற்கிற ஞாயிற்றுக்கிழமைதான் எண்ணெய் கசிந்து இறங்குகிறது.

இதைவிடக் கடினமாக இருந்தது டேமேஜ் பிடித்தம். பீஸ் கெட்டால் டெய்லர் கணக்கில் காசு பிடிப்பார்கள். விளைவு, கெட்ட பீஸை யாரும் காட்டமாட்டார்கள், கட்டுக்கு நடுவில் செருகி அனுப்பிவிடுவார்கள். பிடித்தத்தை நிறுத்துங்கள் என்று கேட்டபோது முதலாளி முகம் சுருங்கியது, பக்கெட்டைக் காட்டித்தான் ஒரு மாதம் அவகாசம் வாங்கினேன். நிறுத்தின முதல் வாரத்தில் லைனில் பதிவான டேமேஜ் கூடியது. எதிர்பார்த்ததுதான், அதுவரை ஒளிந்திருந்தது வெளியே வந்தது. ஆனால் அந்த வாரம் எனக்குத் தூக்கம் இல்லை. பேக்கிங் போர்டு நம்பர் ஏறவில்லை என்பதுதான் என்னைக் காப்பாற்றியது. இதைச் செய்யப்போகிறவர்கள் முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், முதலில் ஏறும் என்று. நடந்த பிறகு சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும்.

ஓடாத விஷயங்களும் உண்டு. வெளியிலிருந்து ஒருவர் வந்து சிக்ஸ் சிக்மா என்கிற தர முறைக்கு வகுப்பு எடுத்தார். 1986-ல் மோட்டோரோலாவில் பில் ஸ்மித் தொடங்கிவைத்தது, பத்து லட்சத்துக்கு 3.4 கோளாறு என்பது வரை நன்றாகத்தான் சொன்னார். அதற்கு மேல் தேர்ச்சிக்கு ஏற்ற பெல்ட் கலர், பதினான்கு கட்டம் உள்ள படிவம், ஆளுக்கு ஒரு ப்ராஜெக்ட் என்று போனதும் சூப்பர்வைசர்கள் வீட்டில் உட்கார்ந்து நம்பரைக் கற்பனை செய்து எழுத ஆரம்பித்தார்கள். கோளாறின் காரணங்களைக் கிளை கிளையாக எழுதிச் சுவரில் ஒட்டின மீன்முள் படத்தை யாரும் படிக்கவில்லை, நான் உட்பட. வரையறு, அள, ஆராய், மாற்று, விட்டுவிடாமல் பிடி என்கிற அந்த வரிசையில் தப்பில்லை, நாங்கள் போனதும் ஏறக்குறைய அப்படியேதான். படிவம் வேலையை விழுங்கும்போதுதான் சிக்கல். "இதெல்லாம் கார் கம்பெனிக்குத்தாங்க ஆகும்" என்பார்கள் நம் ஊரில், சென்னை பாடியில் வாகன உதிரிபாகம் செய்கிற சுந்தரம் கிளேட்டன் 1998-லேயே, தரத்துக்காக ஜப்பானில் கொடுக்கிற டெமிங் பரிசு வாங்கியதைச் சொன்னால் அதையே தங்கள் கட்சிக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு கணக்கை மட்டும் வகுப்பிலிருந்து எடுத்துக்கொண்டேன், அது எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டது. ஒரு டி-ஷர்ட்டுக்கு 12 ஆபரேஷன் என்று வையுங்கள். ஒவ்வொரு ஆபரேஷனும் நூற்றுக்கு 98 சரியாக வருகிறது, கேட்க நன்றாக இருக்கிறது. 0.98-ஐப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் 0.78. நூற்றில் இருபத்திரண்டு பீஸில் ஏதோ ஒன்று கோணல். "98 மார்க் வாங்கியும் ஃபெயிலா?" என்று கைமடிக்கிற ஒரு பிள்ளை கேட்டது.

பதினோரு மாதத்தில் போர்டு சராசரி 3 சதவீதம் பக்கம் வந்தது. கோட்டைத் திரும்பப் போட்டேன், மேல் எல்லை 6.6. புது பையரின் அடுத்தடுத்த இன்ஸ்பெக்‌ஷன்களில் ஐந்து, ஏழு, நான்கு என்று வந்தது. பன்னிரண்டு செக்கர்களில் எட்டுப் பேர் வேறு வேலைக்குப் பழகிக்கொண்டார்கள், யாரையும் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அடுத்த யோசனையை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஒரு வியாழக்கிழமை நம்பர் 9 வந்தது. பழைய நாளில் 9 என்றால் யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள், முதலாளி மூட் நல்லா இருந்தால் வடைகூடக் கிடைத்திருக்கும். இப்போது அது கோட்டுக்கு வெளியே. அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டோம், மெக்கானிக் குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தார், பதிலுக்கு வந்த பையன் பத்தரைக்குத் தட்டோடு சரியாக வந்து, எண்ணிக்கையும் சரிபார்த்து, அத்தனை மெஷினுக்கும் கூர்முனை ஊசியைப் போட்டிருக்கிறான். இரண்டு டப்பாவும் ஒரே நீலக் கலர், ஒரே அலமாரி. முதலாளி வந்து நின்றார். பையன் முகம் வெளுத்துவிட்டது. அவர் அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "டப்பாவை மாத்தி வைங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

கலர் வித்தியாசம் மட்டும் கடைசி வரை எனக்கு வசப்படவில்லை. ஒரே ஆர்டரில் இரண்டு டையிங் லாட் வந்தால் உடம்பு ஒரு நிறம், கை ஒரு நிறம். சாயம் போடுகிற பட்டறை வெளியே இருக்கிறது, எங்கள் போர்டு அங்கே செல்லாது. சாயப்பட்டறைக்காரரிடம் தினசரி ரீடிங்கைக் கேட்டு நாலு தடவை போனேன். ஒவ்வொரு தடவையும் நல்ல ஃபில்டர் காபி கிடைத்தது.